தொழாத லுஹர்

மதியம் இரண்டேகாலுக்கு, ஏழாம் நம்பர் படுக்கைக்காரருக்கு டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தபோது, யூனிஃபார்ம் பைக்குள் கிடந்த காகிதம் மறுபடியும் ருகையாவின் தொடையில் உரசியது. காலையில் டியூட்டிக்கு வந்ததும் மேட்ரன் எஸ்தர் ராஜகனி கூப்பிட்டுக் கையில் கொடுத்த காகிதம். நான்காக மடித்தது. மொத்தமே நாலு வரிதான் என்பதால் மடிக்கும்போதே மனப்பாடமாகிவிட்டது. கடந்த செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணியளவில் தொழுகைக்காக வார்டை விட்டுச் சென்றிருந்தேன், அந்த நேரத்தில் பதினாலாம் நம்பர் நோயாளி படுக்கையிலிருந்து விழுந்துவிட்டார், என் கவனக்குறைவுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது. கீழே அவள் பெயர். அதற்கு மேல் கையெழுத்துக்கு இடம். நாலு மணிக்குள் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார் மேட்ரன். ருக்கையா என்று ஒரு எழுத்தைக் கூட்டி டைப் அடித்திருந்தார்கள். பதினோரு வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரி. செய்யாத காரியத்துக்கு, எழுதாத கடிதத்தில், தன் பெயர்கூடத் தப்பாக. அவள் பாட்டிலுக்குக் கீழே விழும் சொட்டுகளை எண்ணினாள், நிமிஷத்துக்கு முப்பது வர வேண்டும், இருபத்திரண்டில் எண்ணிக்கை அறுந்தது. மனப்பூர்வமாக. யாருடைய மனம்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இதை அடித்த பெண்ணின் மனமா? மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினாள். தொழுகைக்காக. என்ன தொழுகை? செவ்வாய்க்கிழமை அவள் மதியத் தொழுகையான லுஹர் தொழவே இல்லையே. பதினெட்டு, பத்தொன்பது. ஏழாம் நம்பர்க்காரர் சிஸ்டர் கை எரியுது என்றார். ஊசி குத்தியிருந்த இடம் லேசாக வீங்கியிருந்தது. பிளாஸ்திரியைப் பிரித்து, குழாயை எடுத்து, மற்ற கையில் நரம்பு தேடினாள். நரம்பு தேடும் விரலுக்கு மட்டும் கோபம் தெரியக் கூடாது. விரல் ஒழுங்காகத்தான் இருந்தது. நெஞ்சுதான் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை நடந்ததைப் படுக்கையில் படுத்திருக்கிற இருபத்தாறு பேரும் சொல்லுவார்கள், யாராவது கேட்டால். பன்னிரண்டே முக்காலுக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபோன் வந்தது, ஆள் பத்தவில்லை, பேச்சியம்மாளை அனுப்பு என்று. பேச்சியம்மாள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமான பெண், அந்த வார்டில் ருகையாவுக்கு இருந்த ஒரே துணை. அவளும் போனாள். ஒன்றே காலுக்கு டாக்டர் கூப்பிட்டு ஒன்பதாம் நம்பருக்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். ஆட்டோ ஓட்டுகிற பையன், லாரியில் மோதி வந்தவன், உதடெல்லாம் வெளுத்துக் கிடந்தான். ரத்தத்தைப் போய் வாங்கிவர வார்டு ஆயா வேண்டும். தீபாவளிக்குப் பிறகு இரண்டு மாடிக்கும் ஒரே ஆயா என்று ஆக்கிவிட்டார்கள், அந்த ஆயாவும் ஸ்ட்ரெச்சரோடு ஸ்கேனுக்குப் போயிருந்தாள். ருகையா மேட்ரன் அறைக்கு ஃபோன் போட்டாள், யாரையாவது பத்து நிமிஷம் அனுப்புங்க மேடம் என்று. பாத்துக்கோ ருகையா, என்றார் மேட்ரன். ஃபோனை வைத்துவிட்டார். பாத்துக்கோ. எதை? இரண்டு மாடி இறங்கி, பின்கட்டிடத்துக்கு வெயிலில் ஓடி, ரத்த வங்கி ஜன்னலில் நின்றாள். அங்கே பையையும் சீட்டையும் ஒத்துப்பார்க்கப் பதினோரு நிமிஷம். அதை அவசரப்படுத்த முடியாது, ஒரு எழுத்து மாறினால் ஆள் போய்விடும். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேரம் ஒன்று முப்பத்திரண்டு என்று எழுதினாள். அது அவள் கையெழுத்து. அழகாக, எழுத்துப்பிழை இல்லாமல். லிஃப்டுக்கு நிற்காமல் படியேறி வந்தவளுக்கு, மாடிப்படித் திருப்பத்திலேயே கூச்சல் கேட்டுவிட்டது. பதினாலாம் நம்பர் முத்துமாலை, எழுபத்திரண்டு வயது, உப்பளத்தில் வேலை பார்த்தவர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர், தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கிறார். பெல்லை அமுக்கியிருக்கிறார். பெல் வேலை செய்யாமல் போய் இரண்டு மாதம், ருகையா மூன்று தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. கட்டிலின் பக்கக் கம்பி கழன்று, பேண்டேஜ் துணியால் கட்டித்தான் வைத்திருந்தது, அதைப் பிடித்து எழுந்தவரோடு அதுவும் வந்துவிட்டது. அவள் ரத்தப் பையை மார்போடு இடுக்கிக்கொண்டு ஒரு கையால் அவர் தலையைத் தாங்கினாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மகளே மகளே என்றார் அவர், வலியில் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமல். அவருடைய மூத்திரம் அவள் பாவாடையெல்லாம் நனைத்தது. அந்த ஈரத்தோடு எங்கே தொழுவது? மாற்றிக்கொள்ள வேறு உடுப்பு இல்லை, வீட்டுக்குப் போய் மாற்றிவர, வார்டில் நிற்க ஆள் இல்லை. ராத்திரி எட்டரைக்கு வீட்டில் குளித்து விரிப்பைப் போட்டபோது லுஹர், அஸர், மஃரிப் மூன்று வேளையுமே நேரம் தப்பிக் களாவாகத்தான் கிடந்தன. மூன்றையும் அடுக்கித் தொழுதாள். அழுதுகொண்டேதான் தொழுதாள். எதற்கு அழுகை என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

எட்டாம் நம்பருக்குக் காய்ச்சல் பார்த்தாள், நூற்றொன்று, எழுதினாள். இந்த மேட்ரன் கெட்டவள் இல்லை, அதுதான் பெரிய கொடுமை. கெட்டவளாக இருந்தால் ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் போகலாம். ருகையாவின் இரண்டாவது பிரசவத்துக்குக் கருப்பட்டியும் பூண்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்த மனுஷி. காலையில்கூட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லித்தான் பேசினார். நான் அன்னைக்குத் தொழவே இல்ல மேடம், ரத்தம் வாங்கப் போயிருந்தேன், உங்களுக்கே ஃபோன் பண்ணினேனே என்று ருகையா சொன்னதும் அவர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எனக்குத் தெரியும்மா. ஆனா ரத்தம் வாங்கப் போனேன்னு எழுதினா, யாரு அனுப்பினா, வார்டுல ஏன் ஆள் இல்லன்னு கேள்வி வளந்துக்கிட்டே போவும். தொழுகைன்னா அதோட முடிஞ்சிரும். சாமி காரியம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. டைரக்டரும் மன்னிச்சு விட்டுறலாம்னுதான் சொல்றாரு." தொழுகைன்னா அதோட முடிஞ்சிரும். காலையிலிருந்து இந்த ஒரு வாக்கியம்தான் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டு, விழுங்கினாலும் போகாமல், காறினாலும் வராமல் கிடக்கிறது. எதோடு முடியும்? அவர்களுக்கு முடியும். அவளுக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். இனி இந்த மாடியில் எது நடந்தாலும், யாருக்கு ஊசி தாமதமானாலும், எந்த டிரிப்ஸ் காலியானாலும், அவ தொழப் போயிருப்பா என்பார்கள். நாளைக்கு ஒரு முக்காட்டுப் பெண் வேலை கேட்டு வந்து நின்றால், இவங்கள எடுத்தா இப்படித்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் சொல்லி அனுப்புவார்கள். ஆளைக் குறைத்தது அவர்கள், பெல்லைச் சரிபண்ணாதது அவர்கள், ஓட்டையை அடைக்க மட்டும் அல்லா வேண்டும்.

ஆனாலும் ஒரு மூலையில் அரித்தது. செவ்வாய்க்கிழமை தொழவில்லை, சரி. திங்கள்கிழமை? அதற்கு முந்தின வாரமெல்லாம்? தொழுதிருக்கிறாள்தானே. விரிப்பு, தலையணை உறையெல்லாம் அடுக்கிவைக்கிற அறையில், இரண்டு பீரோவுக்கு நடுவில், சலவையிலிருந்து வந்த வெள்ளை விரிப்பைப் போட்டு, ஏழு நிமிஷம். தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்ய வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைப்பாள், தரையெல்லாம் தண்ணி என்று யாரோ முணுமுணுத்ததிலிருந்து காலைக் கழுவிய பின் தரையையும் தானே துடைத்துவிட்டு வருவாள். அந்த ஏழு நிமிஷத்துக்காக டீ குடிக்கப் போனதில்லை. மத்தியானச் சோற்றை நின்றுகொண்டே நாலு வாயில் முடிப்பாள். மற்றவர்கள் ஃபோனில் மாமியாரோடு சண்டை போட்டு முடிக்கிற நேரத்தில் பாதிகூட வராது அவள் தொழுகை. இருந்தும், அந்த ஏழு நிமிஷத்தில் ஒருவர் விழுந்திருந்தால்? பேச்சி, பாத்துக்கோ என்று சொல்லாமல் ஒருநாளும் விரிப்பை எடுத்ததில்லை. சொன்னால் போதுமா? மேட்ரன் தன்னிடம் சொன்ன அதே பாத்துக்கோதானே அது? இல்லை, அது வேறு, ஒருத்தியை நிறுத்திவிட்டுச் சொல்கிற பாத்துக்கோ வேறு, ஆளையும் பிடுங்கிக்கொண்டு சொல்கிற பாத்துக்கோ வேறு. வேறுதான். வேறா? விழாததால் தப்பித்தோமா, சரியாக இருந்ததால் தப்பித்தோமா? காகிதத்தின் கெட்டிக்காரத்தனமே இதுதான், பொய்யென்று தெரிந்தும் அவளையே அவளுக்கு எதிராகக் கேள்வி கேட்க வைக்கிறது. பன்னிரண்டாம் நம்பருக்கு மாத்திரை கொடுத்தாள். தண்ணீர் டம்ளரை அவர் வாயில் பிடித்தபோது, பிடரியிலிருந்து கீழே வரைக்கும் சூடு இறங்கியது. இத்தனை வருஷமாக டீ நேரத்தையும் சோற்று நேரத்தையும் விட்டுக்கொடுத்தது போதாதென்று, விரிப்புக்கு முன்னால் நிற்கிற அந்த ஏழு நிமிஷத்திலும் இனி இந்தக் கேள்வி வந்து நிற்குமே. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அதையும் எடுத்துக்கொண்டார்களே.

காலையில் கிளம்பும்போது மச்சானும் கையெழுத்துப் போட்டுவிடத்தான் சொல்லியிருந்தார். விஷயம் இப்படித்தான் போகும் என்று நேற்றே அரசல்புரசலாகக் காதில் விழுந்திருந்தது. அவள் புருஷன் ஷேக் நைனா துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கிறவர், எந்தக் காகிதத்தையும் பிரச்சினை இல்லாமல் அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறவர். நீ தொழுதியா தொழலியான்னு அல்லாவுக்குத் தெரியும், மனுசங்ககிட்ட எதுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு, சபூர் செய் என்றார். அல்லாவுக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே மச்சான் என்று சொல்ல வாயெடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் செருப்பை மாட்டிக்கொண்டாள். சபூர். பொறுமை என்றால் பொய்க்குக் கையெழுத்துப் போடுவதா? அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இந்த ஊரில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கேட்பது, அங்கிருந்து ஏன் வந்தே. பிள்ளைகள் இரண்டும் அப்போது நினைவுக்கு வந்தன, பெரியவளின் பள்ளிக்கூடப் பை கிழிந்திருப்பதும், சின்னவனின் மூக்கடைப்பும். நினைவு ஒழுங்காக வருவதில்லை, பெரிய பயத்துக்கு நடுவில் மூக்கடைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பது. லுஹர் இன்னும் பாக்கி. மூன்று முப்பத்தைந்துக்கு அடுத்த வேளை அஸர் வந்துவிடும். பேச்சியம்மாளை இன்றைக்கும் தியேட்டருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை நடந்ததுக்கு அப்புறமும்.

பதினாலாம் நம்பருக்குப் போக வேண்டியிருந்தது. நாலு நாளாக அங்கே போகும்போது மட்டும் கால் ஒரு நொடி பின்வாங்குகிறது. முத்துமாலைக்குக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த பாதம், வெள்ளைத் துணிக்கு வெளியே தனியாகத் தெரிந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் கனகவல்லி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பாவின் முதுகில் பவுடர் போடச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளும் இல்லை, வீட்டில் கஞ்சி வைத்து எடுத்துவரப் போயிருந்தாள், அந்தக் குற்றவுணர்ச்சி அவள் முகத்தை நாலு நாளில் பாதியாக்கியிருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரை லேசாக ஒருக்களித்துப் பிடித்தார்கள். முதுகைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள் கனகவல்லி. "அன்னைக்கு நீங்க தொழப் போயிருந்தீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க சிஸ்டர். போனதுதான் போனீங்க, எங்கப்பாவுக்கும் சேத்து வேண்டிக்கிட்டீங்களா?" குரலில் குத்தல் இருந்ததா, நிஜமாகவே கேட்டாளா என்று ருகையாவுக்குப் பிடிபடவில்லை. அப்படியானால் காகிதத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். இந்தப் பெண்ணை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நம்ம சிஸ்டர் தொழப் போயிட்டாங்கம்மா என்று இரக்கமாகச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். காது இரண்டும் அடைத்த மாதிரி ஆனது. கை மட்டும் கிழவரின் தோளைத் தாங்கியபடியே இருந்தது. "நான் தொழலம்மா," என்றாள். "அன்னைக்கு நான் தொழவே இல்ல. ஒன்பதாம் நம்பர் பையனுக்கு ரத்தம் வாங்கக் கீழ போயிருந்தேன். வார்டுல என்னத் தவிர வேற ஆளு இல்ல. உங்கப்பா அமுக்கின பெல்லு ரெண்டு மாசமா வேல செய்யல." சொல்லி முடித்த பிறகுதான், இவ்வளவையும் வெளியே சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. கனகவல்லி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், பிறகு கட்டிலோடு தொங்கிய பெல்லைப் பார்த்தாள். கையெட்டி அதை ஒருதரம் அமுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தரம் அமுக்கினாள். அப்புறம் அழவில்லை, திட்டவும் இல்லை, ஈரத்துணியை வாளியில் போட்டுப் பிழிந்தாள். "அப்படின்னா அவங்ககிட்ட நானும் பேசணும்," என்றாள்.

ருகையா நர்ஸ் மேஜைக்கு வந்து, ரிப்போர்ட் எழுதுகிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். எழுத்து அடுத்தடுத்து நெருக்கமாக விழுந்தது. பன்னிரண்டே முக்கால், பேச்சியம்மாள் தியேட்டருக்கு. ஒன்று பதினைந்து, டாக்டர் ஃபோன். ஒன்று பதினேழு, மேட்ரன் அவர்களுக்கு நான் ஃபோன் செய்து ஆள் கேட்டேன். இந்த வரியில் பேனா நின்றது. கருப்பட்டியும் பூண்டும் நினைவுக்கு வந்தன. எழுதாமல் விட்டால்? விட்டால் அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருக்கும், அந்த ஓட்டை வழியாகத் தொழுகையை மறுபடி உள்ளே கொண்டுவருவார்கள். எழுதினாள். ஒன்று முப்பத்திரண்டு, ரத்த வங்கி ரிஜிஸ்டரில் என் கையெழுத்து. வார்டில் நோயாளிகள் இருபத்தாறு, செவிலியர் ஒருவர். பெல் பழுதென்று எழுதிக் கொடுத்த மூன்று தேதிகள். அன்று நான் தொழவில்லை. இதையும் எழுதினாள், எழுதிவிட்டுப் பார்த்தபோது அது மட்டும் வேறு யாரிடமோ கொடுக்க வேண்டிய புகார் மாதிரி இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கீழே கையெழுத்துப் போட்டு, பெயரை முழுசாக எழுதினாள்.

மேட்ரன் அறை அதே மாடியில், வராந்தாவின் கடைசியில். மூன்று நிமிஷம்தான் என்று கனகவல்லியிடம் சொல்லி, வார்டு வாசலில் அவளை நிற்க வைத்துவிட்டுப் போனாள். எஸ்தர் ராஜகனி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இதை மேலே அனுப்பினால் உனக்கும் மெமோ வரும், எனக்கும் வரும், எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு என்றார், மிரட்டலாக இல்லை, தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற மாதிரி. வரட்டும் மேடம் என்றாள் ருகையா. டைப் அடித்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பு நீவி, அதன் பக்கத்தில் வைத்தாள். பேசாமல் திரும்பிவிடத்தான் நினைத்திருந்தாள். ஆனால் அறைச் சுவரிலும் ஒரு கடிகாரம் இருந்தது. "மேடம், மணி மூணு பத்து. நான் இன்னும் லுஹர் தொழல. இப்ப நிஜமாவே தொழப் போறேன், பத்து நிமிஷம். பேச்சியம்மாள இன்னைக்கும் கூட்டிட்டுப் போயிட்டாங்க, வார்டுல இருபத்தாறு பேரு இருக்காங்க. நீங்க வந்து நிக்கணும்." தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. மேட்ரன் மேஜையில் கையை ஊன்றி எழுந்தார். வராந்தாவில் இரண்டு பேரும் வார்டை நோக்கி நடந்தார்கள்.

ஒளுவின் தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டச் சொட்ட, அந்த இரண்டு பீரோவுக்கு நடுவில் விரிப்பில் நின்று, அல்லாஹு அக்பர் என்று கை உயர்த்தித் தக்பீர் கட்டினாள். கோபம் அடங்கட்டும், அப்புறம் நிற்போம் என்று நினைத்தால் இன்றைக்கு அஸரே வந்துவிடும், கோபத்தோடேயே நின்றாள். யா அல்லா, உன் பெயரைச் சொல்லி என்னைக் கட்டப் பார்த்தார்கள், அதை நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று ஓதலுக்கு நடுவில் மனம் சண்டைக்குப் போனது, இழுத்துக்கொண்டு வந்து மறுபடி ஓதினாள். நான்கு சுற்றில் முதல் ரக்அத்து முடியுமுன்பே கதவுக்கு அப்பாலிருந்து சத்தங்கள் வரத் தொடங்கின. சிஸ்டர் என்று யாரோ கூப்பிட்டார்கள். மேட்ரனின் செருப்புச் சத்தம் அந்தப் பக்கம் போயிற்று. சிஸ்டர், பாட்டில் தீந்துருச்சு, இது இன்னொரு பக்கம். வாரேன் வாரேன் பொறுங்க. குனிந்தாள், நிமிர்ந்தாள், நெற்றியைத் தரையில் வைத்தாள். யாருக்கோ வாந்தி, ஒரு ஏனம் கேட்டுக் கத்தினார்கள். செருப்புச் சத்தம் இப்போது ஓடியது. மேஜை ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ரத்தம், ஏழாம் நம்பர் கை, தியேட்டர், எல்லாம் வந்து வந்து போயின. நிலையில் நின்றபோது இது மூன்றாவதா நான்காவதா என்று தெரியவில்லை. சந்தேகம் வந்தால் குறைந்ததையே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று என்று வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் இன்னொன்றையும் தொழுதாள். கடைசி இருப்பில் அமர்ந்திருந்தபோது ஃபோனை யாரோ எடுப்பது கேட்டது. எஸ்தர் ராஜகனியின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத உச்சத்தில் வந்தது. "தியேட்டரா? பேச்சியம்மாள இப்பவே மேல அனுப்புங்க. இங்க இருபத்தாறு பேருக்கு நான் ஒத்தையில நிக்கேன்." ருகையா உடனே சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கவில்லை. எண்ணிக்கை தவறியவர்களுக்கென்று இருக்கிற அந்த இரண்டு சஜ்தாவும் பாக்கி இருந்தன. நெற்றியை மெதுவாகத் தரையில் வைத்தாள்.